கம்பியைப் பார்த்துவிட்டு ஸ்லைடரைத் தொடுங்கள்

ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தை அகல லென்ஸில் எடுத்து, கணினியில் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். மேல்நிலைச் சுதைச் சிற்பங்களின் தோளிலும் கிரீடத்திலும் ஒருபக்கம் மெல்லிய சிவப்புக் கோடு, எதிர்ப்பக்கம் பச்சைநீலக் கோடு இருக்கும். 1987-இல் கட்டி முடித்த அந்த 13 நிலைக் கோபுரத்தில் தீட்டாத வண்ணமே இல்லை. ஓரத்தில் தெரிவது பெயின்டா, லென்ஸ் போட்டதா என்று சட்டெனச் சொல்ல முடியாது. அதனால் நான் கோபுரத்தைப் பார்ப்பதில்லை, கம்பியைத் தேடுவேன். நம் ஊரில் எந்தக் கோபுரத்தை எடுத்தாலும் மூலையில் ஒரு மின்கம்பியோ கேபிள் டிவி வயரோ வந்து விழுந்துவிடும். மற்ற நேரம் அதைத் திட்டுவோம், இதற்கு மட்டும் அது உதவும். வெளுத்த வானத்தில் கறுப்புக் கம்பி. அதன் ஓரத்தில் எந்த நிறம் தெரிந்தாலும் அது லென்ஸின் கைவரிசைதான்.

அந்தக் கம்பி என்ன சொல்கிறது என்று கேட்காமல் ஸ்லைடரைத் தொட வேண்டாம். ஏனென்றால் நிற ஓரம் இரண்டு வகை, மருந்தும் வேறுவேறு.

கம்பியின் ஒருபக்கம் சிவப்பும் மறுபக்கம் பச்சைநீலமுமாக இருந்து, படத்தின் நடுவில் ஒன்றுமில்லாமல் மூலைக்குப் போகப்போக அகலமானால் அது பக்கவாட்டுப் பிசகு. லென்ஸ் சிவப்பு பிம்பத்தையும் நீல பிம்பத்தையும் துளி வித்தியாசமான அளவில் விழவைக்கிறது. நடுவிலிருந்து மூலையை நோக்கி நேராக ஓடும் கம்பியில் இது தெரியாது. அதற்குக் குறுக்கே போகும் கம்பியில் பளிச்சென்று தெரியும். அப்பர்ச்சரை எஃப் 4-லிருந்து 11-க்குக் கொண்டுபோனாலும் மாறாது. ஆனால் திருத்த இதுதான் சுலபம். அளவு மாறிய வண்ணத்தை மறுபடி அளவுக்குக் கொண்டுவந்தால் போதும். ரா கோப்பாக இருந்தால் லைட்ரூமில் ‘ரிமூவ் குரோமாட்டிக் அபெரேஷன்’ என்ற கட்டத்தில் ஒரு டிக், அவ்வளவுதான். டார்க்டேபிளில் லென்ஸ் கரெக்‌ஷன் பகுதியில் அதே வேலை நடக்கும். ஒன்று மட்டும் கவனம்: இந்தக் கணக்கு படத்தின் மையத்திலிருந்து தொடங்குகிறது. ஒருபக்கமாக வெட்டிச் சேமித்த ஜேபெக்கை எடுத்துவைத்துத் திருத்தினால் மையம் தப்பி, நல்ல ஓரமும் கெடும். திருத்திவிட்டு வெட்டுங்கள்.

இரண்டாவது வகைதான் தலைவலி. படத்தின் நடுவிலும் வரும், பொருளின் இரண்டு பக்கமும் ஊதாவாகப் படரும். 50 எம்எம் லென்ஸை எஃப் 1.8-ல் முழுக்கத் திறந்து கல்யாணப் பெண்ணை எடுத்தவர்களுக்கு இது பழக்கமானது. கண்ணில் ஃபோகஸ் இருக்கும். முன்னால் நீட்டிய கையின் வளையல் மினுக்கத்தில் ஊதா, காதுக்குப் பின்னால் போகும் மாட்டலில் பச்சை. ஒவ்வொரு நிறமும் வெவ்வேறு தூரத்தில் குவிவதால் ஃபோகஸுக்கு முன்னால் இருப்பது ஒரு நிறம், பின்னால் இருப்பது இன்னொன்று. வில்லையால் இதைத் தீர்க்கவே முடியாது என்று முடிவுகட்டித்தான் நியூட்டன் 1668-இல் ஆடி வைத்துத் தொலைநோக்கி செய்தார். லண்டனில் ஜான் டாலண்ட் இரண்டு வகைக் கண்ணாடியைச் சேர்த்த வில்லைக்கு 1758-இல் காப்புரிமை பெற்று, முடியும் என்று காட்டினார். இன்றைக்கு ஈடி, ஃப்ளோரைட் என்று லென்ஸில் எழுதி நம் பர்ஸைக் காலி செய்வதும் இதே காரணத்துக்காகத்தான். அந்தப் பணம் இல்லையென்றால் அப்பர்ச்சரைக் குறையுங்கள். 2.8-ல் நன்றாக அடங்கும், 4-ல் பெரும்பாலும் போய்விடும். பின்னணி கொஞ்சம் குறைவாகக் கரைந்தால் பெண்வீட்டார் யாரும் கேட்கப்போவதில்லை.

எடுத்தாயிற்று என்றால் லைட்ரூமில் இருக்கும் டிஃப்ரிஞ்ச். படத்தைப் பெரிதாக்கி, அங்கே இருக்கும் சொட்டான் வடிவக் கருவியால் ஊதா ஓரத்தின் மேலேயே ஒருமுறை கிளிக் செய்யுங்கள். எந்த ஊதா என்று மென்பொருளே பிடித்துக்கொள்ளும். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு ஸ்லைடரை நகர்த்தினால் அது எங்கெங்கே கை வைக்கிறது என்பதும் தெரியும். இதைப் பார்க்காமல் அளவை ஏற்றக் கூடாது. டிஃப்ரிஞ்ச் செய்வது உண்மையில் திருத்தம் இல்லை. ஓரத்தில் இருக்கும் அந்த நிறத்தை உறிஞ்சிவிடுகிறது. முகூர்த்தப் புடவை கத்திரிப்பூ நிறப் பட்டாக இருந்தால் அதற்கும் இதே கதிதான். ஜரிகையை ஒட்டிய பட்டு சாம்பல் பூத்துவிடும், மடிப்புகளின் விளிம்பு செத்துப்போகும். அப்போது பிரஷ்ஷை எடுத்து, அதில் இருக்கும் டிஃப்ரிஞ்சை மைனஸில் வைத்துப் புடவையின் மேல் தடவுங்கள். அந்த இடம் மட்டும் தப்பிக்கும். நான் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறேன். படம் முழுக்கப் போடாமல், நெற்றிச்சுட்டிக்கும் வளையலுக்கும் மட்டும் பிரஷ்ஷால் பிளஸ்ஸில் போடுவேன். நேரம் கூடுதல்தான், ஆனால் புடவையைப் பற்றிப் பேச்சு வராது.

வாட்ஸ்அப்பில் போகிற படத்துக்கு இந்தப் பாடெல்லாம் வேண்டாம். ஆல்பத்தில் இரண்டு பக்கத்துக்கும் விரித்துப் போடுகிற படம் என்றால் உட்கார்ந்து பார்த்தே ஆக வேண்டும்.

கறுப்பு வெள்ளையாக மாற்றினால் தப்பிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். நிறம் போகும், பிசகு போகாது. சிவப்பு பிம்பமும் நீல பிம்பமும் தள்ளித்தள்ளி விழுந்தது அப்படியே இருக்க, மூலையில் கம்பி ஒன்றரைக் கம்பியாக மங்கித் தெரியும். ஃபோகஸ் தப்பிவிட்டது என்று நினைத்து ஷார்ப்னஸை ஏற்றினால் இன்னும் அசிங்கமாகும். கறுப்பு வெள்ளைக்கும் அந்த டிக்கைப் போட்டுவிட்டு, பிறகு ஷார்ப்னஸுக்குப் போங்கள்.