ஓடுகிறது, நின்றிருக்கிறது, தெரியவில்லை

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய ஐந்து திரைகளையும் பார்த்தேன். கறுப்புப் பின்னணி, நடுவில் வட்டமாக ஒரு பொத்தான், மேலே 'லிவிங் ரூம்'. அழகாகத்தான் இருக்கிறது. அண்ணாமலை நகரில் ஒரு விடுதி அறையில் உட்கார்ந்து இரண்டே மாதத்தில் இவ்வளவு செய்திருக்கிறாய் என்றால் நீ கெட்டிக்காரன்தான். எனக்கு ஒரே ஒரு கேள்வி. அந்தப் பொத்தான் பச்சையாகி 'ஆன்' என்று காட்டுகிறதே, அதை யார் சொன்னது?

நீ விரலை வைத்தாய். செயலி சர்வருக்குச் சொன்னது. சர்வர் 'கிடைத்தது' என்றது. உடனே பச்சை. லைட்டோ மோட்டாரோ இதுவரை வாயே திறக்கவில்லை. தபால் பெட்டியில் கடிதத்தைப் போட்டுவிட்டு, 'அவர் படித்துவிட்டார்' என்று ஊரெல்லாம் சொல்வது மாதிரிதான் இது.

நானும் இதே தப்பைச் செய்தவன். நெல்லிக்குப்பம் பக்கம் ஒரு கரும்புக்காரருக்கு, போர் மோட்டாரைச் செல்போனிலேயே போட்டு நிறுத்த ஒரு பெட்டி செய்து கொடுத்தேன். பச்சை என்றால் ஓடுகிறது, சிவப்பு என்றால் நின்றிருக்கிறது. கோடையில் ஒருநாள் போரில் தண்ணீர் கீழே இறங்கிவிட்டது. ரிலே பிடித்தபடிதான் இருந்தது. என் திரையும் பச்சையாகவே இருந்தது. மனிதர் மஞ்சக்குப்பத்தில் மகள் வீட்டில் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாயங்காலம் போய்ப் பார்த்தால் காயில் கருகிக் கிடக்கிறது. ரீவைண்டிங் செலவை நான்தான் கொடுத்தேன். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. "பச்சையா இருந்துச்சே தம்பி" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

ரிலே பிடித்திருக்கிறது என்பது ஒரு சேதி. ஒயரில் கரண்ட் போகிறது என்பது வேறு சேதி. குழாயில் தண்ணீர் வருகிறது என்பது மூன்றாவது சேதி. நான் முதலாவதை வைத்துக்கொண்டு மூன்றாவதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். தண்ணீர் இல்லாமல் ஓடும் மோட்டார் வழக்கத்தைவிடக் குறைந்த ஆம்பியர்தான் இழுக்கும். ஒயரைச் சுற்றி, கரண்டை அளக்கிற ஒரு சி.டி. காயிலை மாட்டியிருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். அடுத்த பெட்டியிலிருந்து அதை மாட்டாமல் நான் எதையும் வெளியே கொடுத்ததில்லை.

முன்மாதிரி தேடி நீ கலிபோர்னியா வரைக்கும் போகவேண்டாம். சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் போகிற வழியில் மோட்டார் கொட்டகைகளை எட்டிப் பார். செல்போன் ஸ்டார்ட்டர் மாட்டிய ஒன்று கண்ணில் படாமல் போகாது. உள்ளே ஒரு சிம் கார்டு, அவ்வளவுதான். விவசாயி அந்த நம்பருக்குப் போன் போட்டால் ஒரு குரல் தமிழிலேயே சொல்லும்: மோட்டார் ஓடுகிறது, அல்லது ஒரு ஃபேஸ் வரவில்லை. போட ஒரு எண், நிறுத்த ஒரு எண். ஓடுகிற மோட்டார் தானாக நின்றுபோனால் பெட்டியே அவரைக் கூப்பிடும். ராத்திரி இரண்டு மணிக்கு மும்முனை கரண்ட் வந்ததா என்று பார்க்க, டார்ச்சோடு வரப்பில் பாம்புக்குப் பயந்து நடந்தவர்களுக்காகப் பிறந்த கருவி இது. புனேயில் சந்தோஷ் ஓஸ்ட்வால் என்பவர் தன் தாத்தா பட்ட பாட்டைப் பார்த்துத்தான் 'நானோ கணேஷ்' என்ற இந்த வகைக் கருவியைச் செய்தார். 2009-ல் நோக்கியா நடத்திய போட்டியில் அதற்குப் பரிசு கிடைத்தது. இன்றைக்கு நம் வேளாண் பொறியியல் துறையே இதற்கு மானியம் கொடுக்கிறது. எட்ட இருந்து ஒரு சுவிட்சைப் போடுவது பெரிய நகரத்து அடுக்குமாடிக்கு மட்டும் உரியது என்று யாராவது சொன்னால் நம்பாதே. அது வயலிலும் இருக்கிறது.

ஸ்டார்ட்டரின் அந்தக் குரலை நான் மெச்சுவதற்குக் காரணம் வேறு. அது முதலில் நிலையைச் சொல்கிறது, பிறகுதான் என்ன செய்யட்டும் என்று கேட்கிறது. உன் பொத்தானில் 'ஆன்' என்று இருந்தால் லைட் இப்போது எரிகிறது என்று அர்த்தமா, தொட்டால் எரியும் என்று அர்த்தமா? என் மனைவி கேட்ட கேள்வி இது. என்னிடம் பதில் இல்லை. தமிழில் இந்தக் குழப்பமே வராது. 'ஓடுகிறது' என்றால் நிலை, 'நிறுத்து' என்றால் வேலை. வினைச்சொல்லே இரண்டையும் பிரித்துக் கொடுத்துவிடுகிறது. நீயோ இங்கிலீஷ் 'ஆன் ஆஃப்'பை எடுத்து 'இயக்கு, அணை' என்று மாற்றி வைத்திருக்கிறாய். எந்த வீட்டில் 'மின்விசிறியை இயக்கு' என்கிறார்கள்? ஃபேன் போடு, லைட் போடு, மோட்டாரை நிறுத்து. இப்படியே எழுது. 'லிவிங் ரூம்' ஹால் ஆகட்டும், 'பேக்யார்ட்' கொல்லை ஆகட்டும், 'மாடித் தொட்டி' மாடித் தொட்டியாகவே இருக்கட்டும். எழுதும்போது வரிக்கு உயரம் விடு. உன் திரையில் 'கீ' மேலேயும் 'கூ' கீழேயும் வெட்டுப்பட்டு நிற்கின்றன.

மூன்றாவதாக ஒரு நிலை வேண்டும்: 'தெரியவில்லை'. இதைப் போட உனக்கு மனசு வராது என்று தெரியும். செயலி கெட்டுப்போனது போல இருக்கும் என்பாய். ஆனால் பொருளிடமிருந்து பதில் வராதபோது கடைசியாக வந்த நிறத்தையே காட்டிக்கொண்டிருப்பது பொய். 'மோட்டார்: தெரியவில்லை. 4.10-க்கு ஓடிக்கொண்டிருந்தது' என்று எழுது. மோட்டார் ஓடுகிறதா என்பது சிதம்பர ரகசியமாக இருக்கக் கூடாது. ரகசியமாக இருந்தால் திரையை விலக்கி அதையாவது சொல்லிவிடவேண்டும். கிள்ளை, பரங்கிப்பேட்டைப் பக்கம் இறால் குட்டை வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பார். விடியற்காலையில்தான் குட்டைத் தண்ணீரில் ஆக்சிஜன் ஆகக் குறைவாக இருக்கும். அந்த நேரம் பார்த்து ஏரேட்டர் நின்றால் ஒரு பருவத்து உழைப்பு செத்து மிதக்கும். அவர்களுக்கு 'பதில் இல்லை' என்பதே அபாயமணி.

இனி கரண்ட் விஷயம். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது நீ சின்னப் பையனாக இருந்திருப்பாய். நெய்வேலியில் நிலக்கரி வெட்டி ஊருக்கெல்லாம் மின்சாரம் அனுப்புகிற இந்த மாவட்டத்தில் கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலை நீயே பார்த்தாய். புயல் வேண்டாம், சும்மா ஒரு மதியம் ஃபைபர் கேபிள் அறுந்தாலே உன் செயலி ஊமையாகிவிடும். வீட்டுக்குள் இருக்கிற போன், வீட்டுக்குள் இருக்கிற லைட்டைப் போட வெளிநாட்டு சர்வருக்குப் போய்வருவது என்ன நியாயம்? வைஃபை ரௌட்டர் உயிரோடு இருந்தால் வேலை நடக்கவேண்டும். அமெரிக்காவில் வீட்டுக் கருவிகளைப் போனிலிருந்து இயக்க 'ரிவால்வ்' என்று 299 டாலர் பெட்டி ஒன்று விற்றார்கள். அதை கூகுளின் நெஸ்ட் வாங்கியது. 2016 மே மாதம் சர்வரை நிறுத்தியதும் வாங்கியவர்கள் வீட்டில் அது வெறும் பிளாஸ்டிக் டப்பா ஆனது. 2022 ஏப்ரலில் இதே வகைக் கருவிகளை விற்ற 'இன்ஸ்டியான்' கம்பெனி வாடிக்கையாளர்களின் செயலியும் அப்படித்தான் திடீரென்று செத்தது. உன் கம்பெனி நாளைக்கு மூடினாலும் சுவரில் இருக்கிற சுவிட்ச் வேலை செய்யவேண்டும்.

கரண்ட் திரும்பி வரும்போது என்ன நடக்கவேண்டும் என்று உன் வரைபடத்தில் எங்குமே இல்லை. ராத்திரி மூன்று மணிக்கு கரண்ட் வந்ததும் படுக்கையறை லைட் பளிச்சென்று எரிந்தால் அந்த வீட்டில் உன் பெயரை என்ன சொல்லித் திட்டுவார்கள் என்று யோசி. கீசர் எந்தக் காரணம் கொண்டும் தானாகப் பிடிக்கக் கூடாது. பத்து ஆம்பியர் ரிலேயில் அதை மாட்டவும் கூடாது. வயல் மோட்டாரோ தானாகப் பிடித்தே ஆகவேண்டும், ஆனால் சில நிமிஷம் தள்ளி; ஒரு டிரான்ஸ்ஃபார்மரில் உள்ள எல்லா மோட்டாரும் ஒரே நொடியில் எழுந்தால் அது தாங்காது. பொருளுக்குப் பொருள் தனி நியாயம். இதைப் பயனரிடம் பத்துக் கேள்வி கேட்டுத் தெரிந்துகொள்ளாதே, நீயே தீர்மானித்து வை.

ஸ்மார்ட் பல்பை நம்பாதே. அம்மா சுவரில் சுவிட்சை நிறுத்திவிட்டுப் படுக்கப் போய்விடுவார். பல்பு செத்ததா, தூங்குகிறதா என்று உனக்குத் தெரியாது. சுவிட்சுக்குப் பின்னால் வைக்கிற கருவியே நல்லது, கையாலும் போடலாம், போன் வழியாகவும் போடலாம். ஆனால் மஞ்சக்குப்பத்திலும் சிதம்பரம் வீதிகளிலும் பழைய வீட்டு சுவிட்ச் போர்டைக் கழற்றினால் பல இடங்களில் ஃபேஸ் ஒயர் மட்டும்தான் இறங்கியிருக்கும், நியூட்ரல் இருக்காது. நியூட்ரல் வேண்டாம் என்று விற்கிற கருவியை மாட்டினால் எல்.இ.டி. பல்பு நிறுத்திய பிறகும் மினுக் மினுக்கென்று விழித்திருக்கலாம். எலெக்ட்ரீஷியன் ஒருவரோடு நாலு வீடு ஏறி இறங்கு. விடுதி அறையில் இது கிடைக்காது.

உன் செயலியை வாங்கப்போகிறவன் பெரும்பாலும் சிங்கப்பூரில் இருப்பான். வீடு கீழவீதியில் இருக்கும். வீட்டில் அம்மா இருப்பார். அவன் மாலை ஆறு மணி என்று வைத்தால் அது யார் ஊர் ஆறு மணி? சிங்கப்பூரில் ஆறு என்றால் இங்கே மூன்றரை. வீட்டின் நேரத்தைத்தான் எடுக்கவேண்டும். அதைவிட நல்லது 'விளக்கு வைக்கிற நேரம்' என்றே வைப்பது. கார்த்திகையில் ஐந்தே முக்கால் வாக்கில் சூரியன் மறைந்துவிடும், ஆடியில் ஆறரை தாண்டும். இன்னொன்று: அம்மா ராத்திரி எத்தனை முறை பாத்ரூம் லைட்டைப் போட்டார் என்ற பட்டியல் மகன் கைக்குப் போகிறது. நீ அதை 'ஹிஸ்டரி' என்று சாதாரணமாக வைத்திருக்கிறாய். அந்த அம்மாவிடம் யாராவது கேட்டார்களா? அவர் போனிலும் செயலி இருக்கட்டும், மகனுக்கு உள்ள அதிகாரம் முழுவதும் அவருக்கும் இருக்கட்டும், அந்தப் பட்டியலை மூடிவைக்கும் உரிமை அவருக்கு மட்டும் இருக்கட்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நிறம், எழுத்துரு பற்றியெல்லாம் நீ கேட்டிருந்தாய். எனக்கு அதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, உன் கண் நன்றாகவே இருக்கிறது.

சனிக்கிழமை கடலூர் வருவாய் அல்லவா, அந்த டெஸ்ட் போர்டையும் எடுத்து வா. என் பட்டறையில் மோட்டாரை ஓடவிட்டு, நீ திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் மெயினை இறக்குகிறேன். பச்சை எத்தனை நொடி நிற்கிறது என்று எண்ணுவோம்.

அன்புடன்,
உன் அண்ணன்