கரையோர நடையும் கதைப் பிறப்பும்

கதை எங்கே பிறக்கின்றது? ஏட்டிலா, கற்பனையிலா? இவ்வினாவிற்கு விடைகாண விழைவோர் ஒருநாட் காலை குமரிமுனைக் கரையோரமாக நடந்து வருதல் நலம்.

அங்கே முதற்கண் நம் கருத்தைக் கவர்வது மணல். ஓரிடத்தே வெண்மை, சிறிது அப்பால் செம்மை, அலை மீளும் விளிம்பிற் கருமை. அரிசியும் பருப்பும் சிந்திக் கிடந்தாலொத்த தோற்றம். இவற்றை இங்கே சிந்தியவர் யார் என வினவிய முன்னோர்க்கு விடையாக நிற்பது அவ்வூர்க் கதை. குமரித் தேவியை மணக்கச் சுசீந்திரத்து இறைவன் இரவிற் புறப்பட்டார். கன்னியாலன்றிப் பாணாசுரன் மடியான் என்பதறிந்த நாரதர் சேவல்போற் கூவினார். பொழுது புலர்ந்ததென எண்ணி மணமகன் மீண்டார். மணவிருந்திற்குக் குவித்த அரிசி சமைப்பாரின்றி மணலாயிற்று. தேவியும் கன்னியாகவே கரையில் நின்றாள்.

நெய்தல் நிலத்திற்கு உரிப்பொருள் இரங்கல் எனத் தொல்காப்பியத்திற் பயில்கின்றோம். தேர்விற்காக யான் நெட்டுருச் செய்திருந்த அவ்விதியின் பொருள், அம்மணலில் நின்றபோதே எனக்கு விளங்கிற்று. வாராத மணவாளனை எதிர்நோக்கி நிற்பாள் கதை கடற்கரைக்கன்றி வேறெந்நிலத்திற்கு இத்துணைப் பொருந்தும்?

இன்னும் சிறிது நடந்து கடலை நோக்கின், நீரிடையே பாறைகள் தோன்றும். தேவியின் மூக்குத்தி ஒளியை விளக்கொளியென மயங்கிய கலங்கள் பாறையில் மோதின என்றும், அதனாற் கோயிலின் கீழைவாயில் ஆண்டிற் பெரும்பாலும் அடைக்கப்பட்டுள்ளது என்றும் கூறுவர். கலஞ்செலுத்துவோர்க்கு வேண்டும் எச்சரிக்கையொன்று கதையுட் கரந்து நிற்றல் காண்க. இத்தேவியைப் பற்றிய பேச்சும் நேற்றையதன்று. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுந்த 'பெரிப்ளூஸ்' என்னும் நூலே இங்கொரு தேவி நீராடியதாகக் குறிக்கின்றது.

"செம்மணல் கார்னெட், கருமணல் இல்மனைட், இதில் தேவி எங்கே?" என்று அறிவியல் பயிலும் நண்பர் நகைக்கலாம். அவர் கூற்று மெய்யே. ஆயின் மணல் யாது என்பதை அறிவியல் கூறும். அம்மணலில் நின்றோர் நெஞ்சத்தைக் கதை கூறும். இரண்டும் வேண்டற்பாலனவே.

ஈண்டுக் கவலைக்குரியதொன்றும் உண்டு. 1909-இல் ஷோம்பர்க் என்னும் செருமானியர் அருகிலுள்ள மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் என்னும் கனிமத்தைக் கண்டார். அதன் பின்னர் இக்கடற்கரைப் பகுதியின் மணல் கனிமத்திற்காக அள்ளப்பட்டு வந்துள்ளது. கரையின் மணல் ஒழியுமாயின், கதைக்குக் காலூன்ற இடம் ஏது?

ஆதலின், விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்காள்! கதை எழுத விரும்பின் முதலில் நடமின். நும்மூர்க் கரையையோ குன்றையோ கண்ணாரக் காண்மின். அதன் பெயர்க்காரணத்தை முதியோர்பாற் கேண்மின். கேட்டதைக் கேட்டவாறே எழுதி வைம்மின். நிலம் உருமாறுமுன்னும், சொல்வோர் மறையுமுன்னும் இது செய்யற்பாலது. புனைதல் அதன் பின்னர் ஆகுக.