முந்திக்கொண்ட மாலாக்

அன்புள்ள தம்பிக்கு,

வணக்கம் சொல்லும் நாலு வரி சி நிரலுக்குள் பிரிண்ட்எஃப் கிடையாது. அதன் பெயர் மட்டுமே இருக்கிறது. லினக்ஸில் நிரல் ஓடும்போது டைனமிக் லிங்கர் அந்தப் பெயரோடு லைப்ரரிகளை வரிசையாகத் தேடும். முதலில் அகப்படுவதையே பிடித்து மாட்டிவிடும். ஆகவே வரிசையில் முந்தினால் போதும். அதே பெயரில் ஒரு ஃபங்ஷனை எழுதி லைப்ரரியாக்கி, எல்டி_பிரீலோட் என்ற சூழல் மாறியில் அதன் பாதையைக் கொடு; சி லைப்ரரிக்கும் முன்னால் போய் நின்றுகொள்ளும். மூல நிரலே தேவையில்லை.

மறித்த அழைப்பை அசலிடம் அனுப்பவும் வேண்டுமே? டிஎல்சிம்மிடம் ஆர்டிஎல்டி_நெக்ஸ்ட் என்று கேட்டால், வரிசையில் அடுத்து நிற்கும் அதே பெயர்க்காரரின் முகவரி கிடைக்கும்.

பலரும் முதலில் பிரிண்ட்எஃப்பைத்தான் மறிக்கப் பார்ப்பார்கள். ஒன்றும் சிக்காது. வெறும் சரமாக, வரிமுறிவோடு முடியும் பிரிண்ட்எஃப்பை ஜிசிசி சத்தமில்லாமல் புட்ஸ் ஆக மாற்றிவிடும். ஆள் வேறு பெயரில் போய்விட்டார், காவல் இங்கே நிற்கிறது!

அடுத்தது, நினைவகம் ஒதுக்கும் மாலாக். எத்தனை பைட் கேட்கிறார்கள் என்று பார்க்க உள்ளே ஒரு பிரிண்ட்எஃப் போடுவாய். அதுவோ முதல்முறை எழுதும்போது தன் பஃபருக்காக மாலாக்கையே அழைக்கும். அது மறுபடி உன்னிடம் வரும், நீ மறுபடி பிரிண்ட்எஃப்பிடம் போவாய். ஸ்டாக் தீர்ந்து செக்மென்டேஷன் ஃபால்ட்டில் நிற்கும். அங்கே ரைட் அழைப்பால் நேரே எழுதுவதே சரி.

இது விளையாட்டு வித்தை மட்டுமல்ல. டெபியன் பொதிக்குள் இருக்கும் கோப்புகள் பொதுவாக ரூட்டுக்குச் சொந்தமாக இருக்கவேண்டும். அதற்காகப் பொதி கட்டுபவருக்கு ரூட் அதிகாரம் கொடுப்பது வம்பு. அங்கே ஃபேக்ரூட் என்ற கருவி இதே வித்தையால் சிஹெச்ஓன், ஸ்டாட் போன்ற அழைப்புகளை மறித்துக்கொள்ளும். உரிமையாளரை மாற்றச் சொன்னால் "ஆயிற்று" என்று தலையாட்டி, தன் குறிப்பில் மட்டும் எழுதிவைக்கும். பிறகு யாராவது விசாரித்தால் குறிப்பைப் பார்த்துப் பதில் சொல்லும். டிஸ்கில் கோப்பு பொதி கட்டுபவருடையதாகவே இருக்கும். கோப்புகளைக் கட்டாக்கும் டார் மட்டும் ரூட்டுடையது என்று நம்பிப் பதிந்துகொள்ளும். ஏமாற்றுதான், ஆனால் நல்ல ஏமாற்று.

யார் இயக்கினாலும் ரூட் அதிகாரத்தோடு ஓடும் சூடோ, பாஸ்வேர்ட் போன்ற செட்யூஐடி நிரல்களிடம் இந்த வித்தை பலிக்காது. உன் வீட்டுக் கோப்புறையிலிருந்து பாதையோடு நீட்டும் லைப்ரரியை அங்கே லிங்கர் சீந்தாது. இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் ரூட் ஆகிவிடலாமே. ஸ்டாடிக்காக லிங்க் செய்த நிரலிலும் நடக்காது. அங்கே தேடல் கம்பைல் செய்த அன்றே முடிந்துபோயிற்று. எந்த நிரலிலும் கைவைக்குமுன், அது தேடும் லைப்ரரிகளைப் பட்டியலிடும் எல்டிடி கட்டளையைப் போட்டுப் பார். சி லைப்ரரியின் பெயர் பட்டியலில் வந்தால் வேலையைத் தொடங்கலாம்.

அன்புடன்,
அண்ணன்