மங்கிய முகப்பு விளக்கைத் தெளிவாக்குதல்

மோதி பாக் அரசுக் குடியிருப்புகளில் நிழலின்றி நிற்கும் கார்களின் முகப்பு விளக்குகள் சில ஆண்டுகளில் மஞ்சளித்துப் புகை படிந்தாற்போல் ஆகிவிடுகின்றன. காரணம் தூசி அன்று, வெயில்.

பழைய அம்பாசிடரின் கண்ணாடி விளக்குகளுக்கு இத்தொல்லை இல்லை. இக்கால விளக்குகளின் மூடி பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனது. அதன்மேலுள்ள காப்புப் பூச்சைப் புற ஊதாக் கதிர்கள் சிதைத்தபின் மூடியும் மஞ்சளிக்கிறது. டிசம்பர், ஜனவரி மூடுபனியில் ரிங் ரோட்டில் செல்வோர்க்கு இது வெறும் தோற்றக் குறை அன்று. ஒளி குறைவதோடு, சிதறி எதிரே வருவோரின் கண்களையும் கூசச் செய்கிறது.

முதலில் மூடியை நீரால் நனைத்துப் பாருங்கள். ஈரத்தில் தெளிவாகத் தெரிந்தால் பழுது வெளிப்புறத்தில்தான் உள்ளது, வீட்டிலேயே சரிசெய்யலாம். உட்புறம் நீர்த்துளிகள் படிந்திருந்தால் தேய்த்துப் பயனில்லை. சுற்றியுள்ள பெயின்ட்டின் மீது மாஸ்கிங் டேப் ஒட்டி, 800, 1500, 2000 எண்ணுள்ள நீர் உப்புத்தாள்களால், நீர் விட்டுக்கொண்டே, அவ்வரிசையில் தேய்க்க வேண்டும். பின்னர் பாலிஷ் இடவேண்டும்.

பலர் இத்துடன் நிறுத்திவிடுகின்றனர். பற்பசை கொண்டு தேய்ப்போரும் அப்படியே. எஞ்சியிருந்த காப்புப் பூச்சும் தேய்த்ததில் போய்விட்டதே! புற ஊதாக் கதிரைத் தடுக்கும் தெளிபூச்சை உடனே பூசாவிடில் சில மாதங்களிலேயே மஞ்சள் திரும்பிவிடும்.

இம்மங்கல் இயல்பான தேய்மானம் என்பதால் வாகனக் காப்பீட்டில் இழப்பீடு கிடையாது. விபத்தில் விளக்கு உடைந்தாலும், தேய்மானக் கழிவைத் தவிர்க்கும் கூடுதல் காப்பு எடுக்காதவர்களுக்குப் பிளாஸ்டிக் பாகங்களின் விலையில் பொதுவாக 50 சதவீதம் கழித்தே வழங்கப்படும்.