சிக்லாகின் சாம்பலும் தேவனுடைய கணக்கும்

வேத பாடம்: 1 சாமுவேல் 29, 30 அதிகாரங்கள்

சந்தோஷமும் துக்கமும் ஒரே வாரத்தில் ஒரே வீட்டு வாசலில் வந்து நின்றால் விசுவாசி என்ன செய்வது? தாவீதின் வாழ்க்கையிலிருந்து இதைத் தியானிப்போம்.

1. வேலையும் போயிற்று, வீடும் போயிற்று

தாவீது ஒரு வருஷமும் நாலு மாதமும் பெலிஸ்தர் நாட்டில் இருந்தான். ஆகீஸ் ராஜா அவனிடத்தில் ஒரு குறையும் காணவில்லை. ஆனாலும் மற்ற பிரபுக்கள் "இந்த ஆள் வேண்டாம்" என்றார்கள். விடிந்ததும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் சிக்லாகுக்கு வந்து பார்த்தால் ஊர் சாம்பல். மனைவி பிள்ளைகளை அமலேக்கியர் சிறைபிடித்துப் போயிருந்தார்கள். கூட இருந்த சொந்த ஆட்களே அவனைக் கல்லெறியப் பேசினார்கள்.

எண்ணூர், திருவொற்றியூரில் இருக்கிற நமக்கு இது நன்றாய்ப் புரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கொசஸ்தலை ஆற்றிலும் முகத்துவாரத்திலும் எண்ணெய் படர்ந்து, வலையும் படகும் கறுத்துப்போயின. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து, ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அடிமேல் அடி நமக்குப் புதிதல்ல.

தாவீது முதலாவது அழுதான். பிறகு தன் தேவனிடத்தில் பெலன் தேடினான். அதற்குப் பிறகே ஏபோத்தைக் கொண்டுவரச் சொல்லிக் கர்த்தரிடத்தில் விசாரித்தான். ஆகவே வேலை இழந்த சகோதரனிடம், "எல்லாம் நன்மைக்குத்தான் பிரதர்" என்று சொல்லிவிட்டு உடனே நகர்ந்துவிடாதிருங்கள். அழ அவருக்கு நேரம் கொடுங்கள்.

2. தள்ளிவிட்டதே வீட்டுக்குத் திருப்பியது

பிரபுக்கள் தள்ளாதிருந்தால் என்ன நடந்திருக்கும்? கில்போவா மலையில் தாவீது சொந்த ஜனத்துக்கும், சிநேகிதன் யோனத்தானுக்கும் எதிராய் நின்றிருப்பான். அமலேக்கியரும் எட்டாத தூரம் போயிருப்பார்கள்.

இந்த வருஷம் என் வீட்டிலும் இப்படி ஒன்று நடந்தது. பதினேழு வருஷம் கன்டெய்னர் யார்டில் கணக்குப் பார்த்தேன். கான்ட்ராக்ட் கைமாறினபோது, "நாளையிலிருந்து வரவேண்டாம்" என்றார்கள். அதே வாரம் மகள் நர்சிங் பரீட்சையில் தேறின செய்தி வந்தது. ஸ்வீட் வாங்கக் கையில் காசை எண்ணிப் பார்த்தேன். அடுத்த மாதம் மனைவிக்கு ஆபரேஷன். இருபது நாள் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வேலை இருந்திருந்தால் எனக்கு இரண்டு நாள்கூட லீவு கிடைத்திராது. "நீங்க இருக்கீங்க, அது போதும்" என்றாள். வேலை போனது எனக்கு இன்றும் வலிதான். ஆனால் அந்த இருபது நாளைக் கர்த்தர் வீணாக்கவில்லை.

3. வழியில் கிடந்தவன்

வழியில் ஒரு எகிப்தியன் கிடந்தான். வியாதிப்பட்டான் என்பதற்காக அவன் எஜமான் மூன்று நாளைக்கு முன்னே விட்டுவிட்டுப் போயிருந்தான். ஆள் யார் என்று கேட்பதற்கு முன்பே அவனுக்கு அப்பமும் தண்ணீரும் அத்திப்பழ அடையும் திராட்ச வற்றலும் கொடுத்தார்கள். வழிகாட்டினவன் அவனே! தள்ளப்பட்ட தாவீதுக்குத் தள்ளப்பட்ட இன்னொருவனைக் கொண்டு தேவன் வாசலைத் திறந்தார். உன் துக்கத்தின் நாளிலும் உன்னிலும் கீழே கிடக்கிறவனைத் தாண்டிப் போகாதே.

4. களைத்தவனுக்கும் பங்கு

இருநூறு பேர் பேசோர் ஆற்றைக் கடக்க முடியாமல் தங்கிவிட்டார்கள். திரும்பி வந்தபோது, "இவர்களுக்கு ஒன்றும் கிடையாது" என்றார்கள் சிலர். தாவீது சம்மதிக்கவில்லை, எல்லாருக்கும் சம பங்கு என்று கட்டளையிட்டான். நம் சபையிலும் உபவாச ஜெபத்துக்கு வரப் பெலனில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிறவர்கள் உண்டு. அவர்கள் வீட்டுக்கு நாம் போக வேண்டும், வெறுங்கையாய்ப் போகக்கூடாது.

தேவபிள்ளையே, தாவீதுக்கு எல்லாம் திரும்பக் கிடைத்தது. சிக்லாகுக்குத் திரும்பின மூன்றாம் நாளில் சவுலின் மரணச் செய்தி வந்தது. பின்பு எபிரோனில் ராஜாவானான். சாம்பலுக்கும் சிங்காசனத்துக்கும் இடையே இருந்தது கொஞ்ச நாள்தான். நமக்கு அது கொஞ்ச நாளா, நீண்ட வருஷமா, கர்த்தர் அறிவார். எனக்குப் பழைய சம்பளத்தில் பாதிதான் இப்போது வருகிறது. ஆனாலும் குடும்ப ஜெபத்தில் ஒரு தலையும் குறையவில்லை. அதற்காக ஸ்தோத்திரம்!

ஜெபம்: பரம தகப்பனே, வேலையிழந்த வீடுகளையும் வியாதிப்படுக்கைகளையும் நினைத்தருளும். அழுகிறவர்களோடு நாங்கள் உட்கார்ந்திருக்கக் கிருபை தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம் பிதாவே. ஆமென்.