கோடைக்கேற்ற அலுவலக உடை

ஜப்பானில் கோடைக்காலம் புழுக்கம் மிகுந்தது. காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை எளிதில் உலர்வதில்லை. அஃது உலர்ந்தாலன்றி உடல் குளிர்வதில்லை. எனினும் அந்நாட்டு அலுவலர் கோட்டும் டையும் அணிந்தே பணியாற்றி வந்தனர்.

1979ஆம் ஆண்டில் எண்ணெய்த் தட்டுப்பாடு நேர்ந்தபோது, அரைக்கைக் கோட்டு ஒன்றை அரசினர் பரப்ப முயன்றனர். தலைமையமைச்சர் ஓகிரா தாமே அதனை அணிந்து காட்டினார். மக்களோ அதனை ஏற்கவில்லை. ஏற்பது எங்ஙனம்? மார்பையும் முதுகையும் மூடிய துணி அப்படியே இருக்கக் கைகளை மட்டும் குறைத்தமையால், குளிர்ச்சியும் போதவில்லை, மிடுக்கும் போயிற்று.

2005ஆம் ஆண்டுக் கோடையில் சுற்றுச்சூழல் அமைச்சகம் 'கூல் பிஸ்' என்னும் பெயரால் வேறு வழி கண்டது. அலுவலகக் குளிர்பதனத்தை 28 பாகை செல்சியசு அளவில் வைத்துக்கொண்டு, கோட்டையும் டையையும் அறவே விடுமாறு அது வேண்டிற்று. கழுத்தருகே சட்டை திறந்திருந்தால், உள்ளே தங்கிய வெப்பக்காற்று எளிதில் வெளியேறும். ஆனால் மேலதிகாரி டை அணிந்து அமர்ந்திருக்க, அவர்முன் எழுத்தர் அதனைக் கழற்றத் துணிவாரோ? ஆதலின் அமைச்சர்களே முதலில் கழற்றினர். தலைமையமைச்சர் கொய்சுமி, ஒக்கினாவாத் தீவினர் அணியும் தளர்ந்த அரைக்கைச் சட்டையில் காட்சியளித்தார். டை இல்லாத கழுத்து பொலிவிழந்து தோன்றாதபடி, காலர் விறைத்து நிற்கும் சட்டைகளைக் கடைக்காரர் விற்கலாயினர்.