பெயரை நீக்கினால் போதுமா?

மனோதத்துவம் படிக்கும் என் மகள், ஆலோசனைப் பயிற்சிக் குறிப்பை எழுத்துப்பிழை பார்க்கத் தந்தாள். பெயர் இல்லை. ‘மட்டாஞ்சேரி, தென்காசிக்காரர், மிளகு வியாபாரம், இரண்டு பெண்கள்’ என்றிருந்தது. (விவரங்களை இங்கே மாற்றியிருக்கிறேன்.) யாரென்று உடனே தெரிந்துவிட்டது, அந்த வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன்.

புள்ளியியலில் இதற்குப் பாடமே உண்டு. 1568இல் இங்கே ஜெப ஆலயம் கட்டிய யூதர்கள், 1948இல் இஸ்ரேல் உருவான பின் குடிபெயர்ந்து, விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்தார்கள். அட்டவணையில் ‘யூதர், பெண், 80 வயதுக்கு மேல்: 1’ என்று போட்டால் பெயர் எதற்கு? அதனால்தான் சின்ன எண்களை அடுத்த கட்டத்தோடு சேர்த்து வெளியிடுவார்கள். தெருவுக்குத் தெரு நம் தமிழ் வீடுகளும் சிலதானே!

2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, ரகசியத்தை நோயாளியின் உரிமையாக்கியிருக்கிறது. ‘வியாபாரி, நடுவயது’ என்று மகள் மாற்றி எழுதினாள். அந்த வீட்டுக்குப் போக எனக்குத்தான் இப்போது தயக்கம்.